ஐந்தாம் வகுப்பு எந்தக் கட்டடத்தில்? ஹவுராவில் பத்து வயதும் தற்சார்பும்

மேற்கு வங்க அரசுப் பள்ளிகளில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஆசிரியர் ஐந்து தலைப்புகளில் குறிப்பு எழுதியாக வேண்டும். பங்கேற்பு, கேள்வி கேட்பதும் தேடிப் பார்ப்பதும், விளக்கிச் சொல்லவும் பயன்படுத்தவும் உள்ள திறன், பிறர் நிலையை உணர்ந்து ஒத்துழைப்பது, அழகுணர்வும் படைப்பும் வெளிப்படும் விதம். 2011-க்குப் பிறகு அபீக் மஜும்தார் தலைமையிலான நிபுணர் குழு பாடத்திட்டத்தைத் திருத்தி எழுதிய காலத்தில் வந்த ஏற்பாடு இது. எழுத்துத் தேர்வுக்கு வெளியே, ஆண்டு முழுக்கப் பிள்ளையைக் கவனித்துப் பதிய வேண்டியவை. 1845-லிருந்து நடக்கும் ஹவுரா ஜில்லா ஸ்கூலுக்கும், தாமோதர் ஆற்று வெள்ளத்தை ஆண்டுதோறும் எதிர்பார்த்திருக்கும் ஆம்தா பக்கத்துக் கிராமப் பள்ளிக்கும் இதே ஐந்துதான்.

பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேள்வி கேட்பதற்கென்று ஓர் அரசாங்கம் பதிவேட்டில் தனிக் கட்டம் போட்டிருப்பதே பெரிய விஷயம். நம் ஊர் மாற்றுச் சான்றிதழில் வெகுகாலமாகப் பிள்ளையின் குணத்துக்கு இருப்பது 'நன்னடத்தை' என்ற ஒரே வரிதான். ஆனால் அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது? நிரம்பிய வகுப்பு, நாற்பது நிமிடப் பாடவேளை, முடித்தாக வேண்டிய பாடம். இதற்கு நடுவே யார் என்ன கேட்டார்கள் என்று கவனிக்க ஆசிரியருக்கு ஏது நேரம் என்பது ஒரு பக்கம். அதைவிட அடிப்படையான இன்னொன்று இருக்கிறது: தானே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்றும் கையில் இல்லாத பிள்ளைக்கு, கேட்டே ஆக வேண்டிய கேள்வி எங்கிருந்து பிறக்கும்?

ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வரையிலான பள்ளிப் பருவத்தைப் பற்றிய பேச்சில் தற்சார்பு, ஈடுபாடு ஆகிய இரண்டும் அடிக்கடி அடிபடுகின்றன. எழுத்துக் கூட்டிப் படிப்பதைக் கடந்த பிள்ளை, இனி படித்தே மற்றதைக் கற்றுக்கொள்ள வேண்டிய வயது இது. உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950-ல் எழுதிய புத்தகத்தில் இந்த வயதின் சிக்கலை வேலைத்திறனுக்கும் தாழ்வுணர்வுக்கும் இடையிலான இழுபறி என்று வகுத்தார்: 'என்னால் ஒன்றைச் செய்து காட்ட முடியும்' என்பது உறுதிப்பட வேண்டிய வயது. அவர் இதை எழுதியது அமெரிக்காவில் இருந்துகொண்டு. ஹவுராவில் அந்த உறுதி எங்கே கிடைக்கிறது, எங்கே பறிபோகிறது என்று தேடினால், பள்ளி நேரத்தைவிடப் பள்ளி விட்ட பிறகான நேரம்தான் அதிகம் சொல்கிறது.

மாலையில் பிள்ளை 'பிரைவேட் படிக்க'ப் போகிறது. ஹவுரா வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள். பிரதம் அமைப்பின் 2022-ஆம் ஆண்டு அசர் அறிக்கைப்படி, மேற்கு வங்கக் கிராமப்புறங்களில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்களில் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் காசு கொடுத்து டியூஷன் படிக்கிறார்கள். நாட்டின் சராசரி 30.5. புதிதாக முளைத்த பழக்கமும் இல்லை. அமர்த்தியா சென் தம் நோபல் பரிசுப் பணத்தில் தொடங்கிய பிரதீசி அறக்கட்டளை 2001-02-ல் ஒரு முறையும் 2008-09-ல் மறுமுறையும் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளிகள் பல வகையில் மேம்பட்டிருந்தன. மதிய உணவு வந்திருந்தது, பெற்றோரின் மனநிறைவும் கூடியிருந்தது. கூடவே டியூஷனும் கூடியிருந்தது: வழக்கமான தொடக்கப் பள்ளிகளில் 57 விழுக்காட்டிலிருந்து 64-க்கும், ஏழைப் பகுதிகளில் நடக்கும் சிசு சிக்ஷா கேந்திரங்களில் 24-லிருந்து 58-க்கும். பள்ளி சரியில்லாததால்தான் டியூஷன் என்ற எளிய விளக்கத்தை இந்த எண்கள் ஏற்பதில்லை. பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு தடுக்கிறது. அதனாலும் எண்ணிக்கை குறைந்ததாகத் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்க வேலையில்லாப் பட்டதாரிகள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

பெற்றோர் மீது பழி போடுவது எளிது, ஆனால் நியாயம் ஆகாது. மேற்கு வங்கத்தில் தொடக்கப் பள்ளி என்பது வெகுகாலம் நான்காம் வகுப்போடு முடிந்தது. ஐந்தாம் வகுப்புக்குப் பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். நம் ஊரில் ஐந்து வரை தொடக்கப் பள்ளி, எட்டு வரை நடுநிலைப் பள்ளி என்று ஒரே வளாகத்தில் வளரும் பிள்ளைகளை நினைத்தால் வித்தியாசம் புரியும். அங்கே ஒன்பதரை வயதுப் பிள்ளை, இரண்டு மூன்று ஆசிரியர்கள் மட்டும் இருந்த வீட்டருகுப் பள்ளியை விட்டு, பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்கள் சுற்றும் பெரிய கட்டடத்துக்குள் நுழைகிறது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மணியடித்தால் அடுத்தவர். பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. ஆசிரியர்களே போதாத நிலை வேறு: 2016-ல் அறிவிக்கப்பட்ட பதினான்காயிரத்துச் சொச்சம் மேல்தொடக்க ஆசிரியர் பணியிடங்கள் வழக்குகளில் மாட்டிக்கொண்டு, 2024 ஆகஸ்டில்தான் கல்கத்தா உயர்நீதிமன்றம் வழிவிட்டது. இந்த நிலையில் தெருமுனை மாஸ்டர்மஷாயிடம் பிள்ளையை ஒப்படைக்கும் தாய் செய்வது விவேகமான காரியம்தான். அவருக்காவது பிள்ளையின் பெயர் தெரியும்.

ஆனால் டியூஷன் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. பாடத்தைப் படித்து, புரியாமல் நின்று, முன்னும் பின்னும் புரட்டி, பிறகு ஏதோ ஒரு வழியாக வெளிவரும் அந்த இடைவெளியை மாஸ்டர் நிரப்பிவிடுகிறார். பள்ளியில் பாடம் நடக்குமுன் டியூஷனில் பாடம் முடிந்திருக்கும். பதில் தயாராக, எழுதித் தரப்பட்டதாக இருக்கும். 'மானே போய்' என்று வங்காளிகள் சொல்லும் உரைநூல் (நம் கோனார் நோட்ஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி) பக்கத்திலேயே இருக்கும். பெரிய வகுப்புக்குப் போனதும் 'சஜெஷன்' என்ற பெயரில் வரப்போகும் வினாக்களின் பட்டியலும் வந்துசேரும். மறுநாள் வகுப்பில் ஆசிரியர் கேட்டால் பிள்ளை கையைத் தூக்கும். பங்கேற்பு என்ற முதல் கட்டத்தில் நல்ல குறிப்பு விழும். கேள்வி என்ற இரண்டாவது கட்டம் காலியாகத்தான் இருக்கும், அதையும் நிரப்பியாக வேண்டும் என்பதால் ஏதாவது எழுதப்படும்.

இதே பிள்ளைகளிடம் பள்ளிக்கு வெளியே என்னென்ன ஒப்படைக்கப்படுகிறது என்று பார்த்தால் படம் தலைகீழாகிறது. ஹவுரா மாவட்டத்தின் பாஞ்ச்லா, சாங்க்ரெய்ல், டோம்ஜூர் பகுதிகள் ஜரிகை வேலைக்குப் பேர்போனவை. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியைச் சுற்றிக் குடும்பமே உட்காரும். அதில் சிறுவர்களும் உண்டு. உலுபேரியாவில் பறவை இறகில் பேட்மின்டன் பந்து செய்யும் வீடுகள், பாக்னானில் விடியுமுன் பூப்பறித்து ஹவுரா பாலத்தடியில் இருக்கும் மல்லிக் படித்துறைச் சந்தைக்கு அனுப்பும் குடும்பங்கள். குழந்தை உழைப்பை அழகாக்கிப் பேசுவது என் நோக்கமில்லை. ஊசிமுனையில் குனிந்தே கழியும் பிள்ளைப் பருவத்துக்கு வக்காலத்து வாங்கக் கூடாது. ஆனாலும் ஓர் உண்மையை மறைக்க முடியாது: பத்து வயதுப் பிள்ளையை நம்பி உருப்படியான வேலை ஒன்றைக் கொடுப்பது வீடும் சந்தையும்தான். பள்ளி அப்படி நம்பிக் கொடுப்பது மிகக் குறைவு.

இதை அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2025 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கே ஆகியோருடன் கல்கத்தாவைச் சேர்ந்த சுவாதி பட்டாசார்ஜி, ராகவேந்திர சட்டோபாத்யாய் முதலியோரும் சேர்ந்து நடத்தியது. கல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 சிறுவர்களையும், வேலைக்குப் போகாத 471 பள்ளிப் பிள்ளைகளையும் அவர்கள் சோதித்தார்கள். ஆய்வாளர் வாடிக்கையாளராகப் போய், கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கில் 800 கிராமும், கிலோ 15 ரூபாய் வெங்காயத்தில் 1.4 கிலோவும் கேட்பார். கடைச் சிறுவன் காகிதமோ பென்சிலோ இல்லாமல் 37 ரூபாய் என்று சொல்லி மீதிச் சில்லறையையும் எண்ணிக் கொடுத்துவிடுவான். அவனிடமே பள்ளிப் பாணியில் வெறும் எண்களாகக் கழித்தலும் வகுத்தலும் கொடுத்தால் தடுமாறினான். பள்ளிப் பிள்ளைகளோ நேர் எதிர்: எழுதிப் போடும் கணக்கு வந்தது, சந்தைக் கணக்கு வரவில்லை.

இந்த ஆய்வைப் பலரும் கணிதக் கல்வி பற்றிய செய்தியாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. சந்தைச் சிறுவன் 43-ஐ 11-ஆல் பெருக்க வேண்டுமென்றால், பத்தால் பெருக்கி இன்னொரு 43-ஐக் கூட்டிக்கொள்கிற வகையில் தானே குறுக்கு வழி கண்டுபிடிக்கிறான். அந்த வழியை யாரும் அவனுக்கு ஏட்டில் எழுதிக் கொடுக்கவில்லை. கணக்குப் பிழைத்தால் கையைவிட்டுப் பணம் போகும், வாடிக்கையாளர் காத்துக்கொண்டு நிற்பார். தானே வழி தேடும் பழக்கம் அந்த நெருக்கத்தில்தான் வந்திருக்க வேண்டும். பள்ளியில் அவனுடைய பதிலுக்காக யாரும் காத்திருப்பதில்லை. விடை ஏற்கெனவே ஆசிரியருக்குத் தெரியும்.

அப்படியானால், யாரோ ஒருவர் உண்மையாகவே காத்திருக்கும்படியான வேலையைப் பள்ளிக்குள் கொண்டுவர முடியுமா? வங்காளத்தில் இந்தக் கேள்வி பழையது. சாந்திநிகேதனில் 1901-ல் ஒரு கைப்பிடிப் பிள்ளைகளோடு தாகூர் தொடங்கிய பள்ளியில், தலைவர்களைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். தவறு செய்தவரை விசாரிக்க அவர்களுக்கே ஒரு சபை இருந்தது. ஆயினும் பெற்றோருக்கு வேண்டியிருந்தது பரீட்சை, பட்டம். அந்த எதிர்பார்ப்பு அங்கே தம் கையைக் கட்டிப்போட்டதாகத் தாகூர் உணர்ந்தார். 1924-ல் சிக்ஷா சத்ரா என்ற இன்னொரு பள்ளியை, சுற்றுவட்டக் கிராமத்து ஏழை, ஆதரவற்ற பிள்ளைகள் சிலரை மட்டும் வைத்துத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். மூன்றாண்டுகளில் அது ஸ்ரீநிகேதனுக்கு இடம் மாறியது. சமையல், தோட்டம், நெசவு, கணக்கு எல்லாம் பிள்ளைகள் கையில். தேர்வு என்ற ஒன்று துரத்தாத பிள்ளைகளிடம்தான் தாம் நினைத்த கல்வியைச் சோதிக்க முடிந்தது என்பதில் இன்றைய டியூஷன் பெற்றோருக்கும் அன்றைய சாந்திநிகேதன் பெற்றோருக்கும் உள்ள உறவு தெரிகிறது.

அங்கிருந்து ஒரு கிளை நம் பக்கம் நீண்டது. யாழ்ப்பாணத் தமிழரான இ. டபிள்யூ. ஆரியநாயகம் சாந்திநிகேதனில் தாகூரின் செயலாளராக இருந்தவர். அவரும் அவருடைய வங்காளி மனைவி ஆஷா தேவியும் பிறகு வார்தாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1937-ல் ஜாகிர் உசேன் குழு, கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தபோது அதன் அமைப்பாளர் ஆரியநாயகம். ஏழு வயதிலிருந்து பதினான்கு வரைக்குமான திட்டம் அது. சென்னை வேப்பேரியின் பென்டிங்க் பள்ளியில் பத்தாண்டு பணிபுரிந்த கல்வியாளர் மார்ஜரி சைக்ஸும் சாந்திநிகேதன் வழியாகவே சேவாகிராமம் போய்ச் சேர்ந்தார், பிற்காலத்தில் கோத்தகிரியில் வாழ்ந்தார். ஆதாரக் கல்வி ஏன் தேய்ந்தது என்பது தனிக் கதை. நூற்கும் வேலை ஏழைப் பிள்ளைக்கு, ஆங்கிலம் வசதியான பிள்ளைக்கு என்று பிரிந்துவிடுமோ என்ற அச்சத்துக்கு அதனால் விடை சொல்ல முடியவில்லை.

அந்த அச்சத்துக்கு ஓரளவு விடை சொன்ன பள்ளி, ஹவுராவிலிருந்து ஆற்றைக் கடந்து, நகரின் மற்றொரு பெரிய ரயில் நிலையத்தின் பக்கத்தில் இருக்கிறது. சியால்தா லொரேட்டோ டே ஸ்கூல் 1857-ல் தொடங்கிய ஆங்கிலவழிப் பெண்கள் பள்ளி. அயர்லாந்தில் பிறந்து 1956-ல் இந்தியா வந்த சிஸ்டர் சிரில் மூனி 1979-ல் அங்கே தலைமை ஏற்றார். அவர் முதலில் செய்தது சேர்க்கை முறையை மாற்றுவதுதான். காலப்போக்கில் சுமார் 1,400 மாணவியரில் பாதிப்பேர் கட்டணம் கட்ட இயலாத வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்ற நிலை உருவானது. 1985-ல் 'ரெயின்போ' என்ற ஏற்பாடு வந்தது. நிலையத்தையும் நடைபாதையையும் நம்பி வாழ்ந்த பெண்பிள்ளைகள் எந்த நேரத்திலும் பள்ளிக்குள் வரலாம், படிக்கலாம். பலர் பின்னாளில் அங்கேயே தங்கவும் செய்தார்கள்.

அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது. ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவியர். மேற்கு வங்கப் பாடத்திட்டத்தில் 'கர்மசிக்ஷா' என்ற தொழிற்கல்விப் பாடவேளை உண்டு. பெரும்பாலான பள்ளிகளில் பூத்தையலிலும், கடையில் வாங்கி ஒப்படைக்கும் 'புராஜெக்ட்'டிலும் கரைந்துபோகும் அந்த நேரத்தைச் சியால்தாவில் ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் கற்றுக்கொடுப்பதற்கு மாற்றினார்கள். வகுப்புகளின் கர்மசிக்ஷா வேளைகளை மாற்றி மாற்றி அமைத்ததால், நாளின் எந்த மணியிலும் ஒரு வகுப்பு மாணவியர் ரெயின்போ பிள்ளைகளுக்குக் கிடைத்தார்கள். கூடுதல் ஆசிரியரும் வேண்டியிருக்கவில்லை, தனிக் கட்டடமும் வேண்டியிருக்கவில்லை. அட்டவணையில் செய்த மாற்றம் அது. அன்பைப் பற்றிய பேச்சில் இந்த அட்டவணைச் சாமர்த்தியம் மறைந்துவிடுகிறது. எனக்கென்னவோ சிஸ்டர் சிரிலின் மேதைமை அதில்தான் இருந்ததாகப் படுகிறது. 1994-ல் யுனெஸ்கோவின் நோமா எழுத்தறிவுப் பரிசும் 2007-ல் பத்மஸ்ரீயும் வந்தன. 2023 ஜூனில் அவர் காலமானார்.

பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஏழு வயதுச் சிறுமிக்கு எழுத்துச் சொல்லித்தரும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம். ரெயின்போ பிள்ளை கட்டாயத்தில் வந்தவள் இல்லை. சலிப்புத் தட்டினால் எழுந்து போய்விடுவாள். நேற்று எடுத்த பாடம் இன்று எடுபடவில்லை என்பது மதிப்பெண் பட்டியலுக்குக் காத்திராமல் அந்தக் கணமே முகத்தில் தெரியும். எனவே சொல்லித்தருபவள் நாளைக்கு வேறு ஏதாவது யோசித்துக்கொண்டு வர வேண்டும்: படமா, கதையா, சோழியா, தெருவில் அவள் பார்க்கும் பேருந்து எண்ணா. திட்டமிடுதல், செய்து பார்த்தல், தவறைக் கண்டுபிடித்தல், மாற்றுதல் என்று கல்விப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதெல்லாம் இங்கே ஒரு மாலைக்குள் நடக்க வேண்டியிருக்கிறது. அதைவிட, தான் அரைகுறையாகப் படித்து வைத்திருப்பது எது என்று அவளுக்கே தெரிந்துபோகும். 'இது ஏன் இப்படி?' என்று எதிரில் இருப்பவள் கேட்டுவிடுவாள். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு அவள் தன் ஆசிரியையிடம் போவாள். காலியாக இருந்த அந்த இரண்டாவது கட்டம் இப்படித்தான் நிரம்பும்.

மிகைப்படுத்தவும் வேண்டாம். பீட்டர் கோஹனும் ஜேம்ஸ் குலிக், சென்-லின் குலிக் இணையரும் 1982-ல் பள்ளிப் பிள்ளைகள் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைப் பற்றிய 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கற்றவர்கள் முன்னேறினார்கள், கற்பித்தவர்களும் அந்தப் பாடத்தில் முன்னேறினார்கள், பாடத்தின்மேல் விருப்பமும் கூடியது. ஆனால் தன்னைப் பற்றிய மதிப்பீடு மிகக் கொஞ்சமே மாறியிருந்தது. சில வாரம் சொல்லிக்கொடுத்தால் தன்னம்பிக்கை பொங்கிவிடும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. சியால்தாவில் அது ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, வாரந்தோறும் நடந்தது. வியாழக்கிழமைகளில் ஒரு கூட்டம் நகருக்கு வெளியே கிராமப் பள்ளிகளுக்கும் போனது.

வெளியே போவது பற்றி ஒரு சிறு கிளைக்கதை. மரியா மாண்டிசோரி 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறு வந்தார். போர் மூண்டதால் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாமல் தங்கிவிட்டார். கொடைக்கானலில், இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னவுடன் சேர்ந்து, ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்குமான கல்வித் திட்டத்தை அவர் விரித்தெடுத்தது அந்த ஆண்டுகளில்தான். இன்று உலகெங்கும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள மாண்டிசோரி வகுப்புகளில், இரண்டு மூன்று பிள்ளைகள் தாங்களே திட்டமிட்டு, ஆளைப் பார்த்துப் பேசி, வழி விசாரித்து வெளியே போய் வருவது ஒரு முக்கியப் பகுதி. மாண்டிசோரியின் அந்த யோசனையும் சியால்தாவின் வியாழக்கிழமையும் ஒன்றையொன்று அறியாமலே கிட்ட வந்திருக்கின்றன.

பிள்ளைகளைக் கொண்டு பிள்ளைகளுக்குக் கற்பிப்பது என்றதும் தமிழ் வாசகருக்குச் சட்டாம்பிள்ளை நினைவுக்கு வருவார். வர வேண்டும். ஆண்ட்ரூ பெல் 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்தியபோது, திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் ஆசிரியர்கள் அந்த முறைக்கு இணங்காததால், எட்டு வயதுச் சிறுவன் ஜான் ஃபிரிஸ்கனைக் கொண்டு அதை நடத்தினார். 1797-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது, ஜோசப் லான்காஸ்டரும் தம் வழியில் அதையே நடத்தினார். ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைச் சல்லிசாகப் படிக்க வைக்கலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. நாளாக நாளாக அது வரிசை, மனப்பாடம், கண்காணிப்பு என்று இறுகிப்போனது.

சட்டாம்பிள்ளைக்கும் சியால்தாவின் மாணவிக்கும் என்ன வேறுபாடு? சட்டாம்பிள்ளை கையில் இருப்பது ஆசிரியரின் அதிகாரம். முப்பது பேரை அடக்கி வைக்க வேண்டும், யார் பேசினார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தற்சார்பு அங்கே ஒருவனுக்குக்கூடக் கிடைப்பதில்லை. அவனும் ஆசிரியர் சொன்னதையே திருப்பிச் சொல்கிறான். சியால்தாவின் மாணவிக்கு அதிகாரம் இல்லை, ஒரே ஒரு சிறுமி இருக்கிறாள். எதைச் சொல்லித்தருவது, எப்படி என்பதில் முடிவெடுக்கும் இடம் இருக்கிறது. ஆளெண்ணிக்கைதான் இரண்டையும் பிரிக்கும் கோடு என்று நினைக்கிறேன். ஒருவருக்கு முப்பது பேர் என்றால் கண்காணிப்பு. ஒருவருக்கு ஒருவர் என்றால் பொறுப்பு. ஆனால் சியால்தா மீதும் ஒரு விமர்சனம் உண்டு. வசதியான சிறுமி ஏழைச் சிறுமிக்குக் கொடுப்பவளாகவே பழகிவிட மாட்டாளா? பாதி மாணவியரே ஏழை வீடுகளிலிருந்து வந்ததால் அந்தக் கோடு அழிந்தது என்பது ஒரு பதில். முழுப் பதில் என்று சொல்ல மாட்டேன்.

தமிழ்நாடு இதே வயதுக்கு வேறொரு வழியைத் தேர்ந்தது. ஆந்திரத்தின் ரிஷி வேலியில் உருவான முறையை முன்மாதிரியாகக் கொண்டு, எம். பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007 வாக்கில் மாநிலமெங்கும் ஒன்று முதல் நான்கு வகுப்புகளுக்கு வந்தது. ஆறு முதல் எட்டு வரைக்கு 'படைப்பாற்றல் கல்வி' வந்தது. சின்ன வகுப்பில் நடந்தது உண்மையிலேயே புரட்சி. பாயில் உட்கார்ந்த பிள்ளை கற்றல் ஏணியைப் பார்த்துத் தன் அட்டையைத் தானே எடுத்தது, வருகையைத் தானே பதிந்தது, கைக்கு எட்டும் உயரத்தில் தனக்கென்று கரும்பலகையில் ஒரு பங்கு வைத்திருந்தது. பெரிய வகுப்பில் சுவை குறைந்தது. பாடத்தைத் தானே வாசி, மனவரைபடம் வரை, குழுவில் பேசு, தொகுத்து எழுது. வாரம் முழுதும், எல்லாப் பாடத்துக்கும் இதே வரிசை. வரைபடத்தை ஆசிரியரே கரும்பலகையில் வரைய, பிள்ளைகள் பார்த்து வரைந்த வகுப்புகளும் உண்டு. முறை இருந்தது, அந்த வரைபடம் யாருக்காவது வேண்டியிருந்ததா என்றால், பார்வையிட வரும் அதிகாரியைத் தவிர ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை.

இனி ஹவுரா. மேற்கு வங்கத் தொடக்கப் பள்ளிகளில் 'சிசு சன்சத்' என்ற குழந்தைகள் நாடாளுமன்றம் இருக்கிறது. பிரதமர், உணவு அமைச்சர், சுகாதார அமைச்சர் என்று பிள்ளைகளே பொறுப்பேற்பார்கள். மதிய உணவுக்கு முன் கைகழுவுவது, வளாகத் தூய்மை போன்றவை அவர்கள் பார்வையில். நல்ல தலைமை ஆசிரியர் கையில் இது உயிருள்ள அமைப்பு. மற்ற இடங்களில் அமைச்சர்கள் நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சட்டாம்பிள்ளைகளாகிவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய வாய்ப்பு ஒன்று, யாரும் அந்த நோக்கத்தோடு திட்டமிடாமலே வந்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் வகைப்படி தொடக்கக் கல்வி ஐந்தாம் வகுப்பு வரை என்பதால், 2020 முதல் மாநில அரசு ஐந்தாம் வகுப்பை உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து எடுத்துத் தொடக்கப் பள்ளிகளோடு படிப்படியாகச் சேர்த்துவருகிறது. இதைப் பற்றிய பேச்செல்லாம் அறை உண்டா, ஆசிரியர் உண்டா என்பதோடு நின்றுவிட்டது. அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால், அதன் இடமே மாறிப்போகிறது. உயர்நிலைப் பள்ளியில் அதுதான் எல்லாருக்கும் சின்னது. தொலைந்துபோகாமல் இருந்தாலே போதும். தொடக்கப் பள்ளியில் அதுதான் எல்லாருக்கும் பெரியது. கீழே நான்கு வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் எழுத்துக்கூட்டவே தடுமாறும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் உண்டு. தாகூர் எழுதி நந்தலால் போஸ் படம் வரைந்து 1930-ல் வந்த 'சஹஜ் பாட்' இன்றும் அவர்கள் பையில் இருக்கிறது.

இப்படி ஒன்றைச் செய்து பார்க்கலாம்: வாரத்துக்கு இரண்டு பாடவேளை, ஓர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஓர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, ஆண்டு முழுக்க அதே இணை. பாஞ்ச்லாவின் ஜரிகைச் சட்டத்தருகே பிறந்தவனுக்கோ பாக்னானில் விடியற்காலையில் பூ எண்ணியவளுக்கோ, சின்னவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித்தருவது புதிய காரியமாக இருக்காது. வீட்டில் அவர்கள் தொழிலைக் கற்றதே அப்படித்தான். பெரிய அரசாணை எதுவும் இதற்கு வேண்டியிருக்காது. தலைமை ஆசிரியரும் இரண்டு வகுப்பாசிரியர்களும் உட்கார்ந்து அட்டவணையைத் திருத்தினால் நடக்கும். டியூஷன் மாஸ்டரால் முன்கூட்டி எழுதித்தர முடியாத வீட்டுப்பாடமாகவும் அது இருக்கும்: அந்த ஆறு வயதுப் பிள்ளை நாளைக்கு எங்கே தடுமாறும் என்று அவருக்குத் தெரியாது.